அமைச்சரின் ஆணையும் நாட்டின் சட்டமும்: 1765ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் வரலாறு



அரசாங்கத்தின் ஆணையைக் கையில் ஏந்தியவாறு நான்கு பேர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றால் நம்மில் பெரும்பாலோர் ஒதுங்கி நின்று வழிவிடுவோம். 'மேலிடத்து உத்தரவு' என்ற இரண்டு சொற்களே நம் வாயை அடைக்கப் போதுமானவை. அந்த மேலிடத்திற்கு அவ்வாறு உத்தரவிடும் அதிகாரத்தை அளித்த சட்டம் எது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் துணிவு வருவதில்லை. அந்தக் கேள்வியை நீதிமன்றத்தின் முன் வைத்து, ஓர் அமைச்சரின் ஆணையைப் பயனற்ற காகிதமாக்கிய வழக்கு ஒன்று ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் நடைபெற்றது. வழக்குத் தொடுத்தவர் பிரபுவுமல்லர், பெருஞ்செல்வருமல்லர். நூல்கள் எழுதிப் பிழைத்த ஓர் எழுத்தாளர். 'என்டிக் எதிர் கேரிங்டன்' என்று சட்ட நூல்களில் வழங்கும் அந்த வழக்கின் வரலாற்றை நம் ஜமாஅத்தார் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கே தருகின்றோம்.

அன்றைய இங்கிலாந்து

அரசருக்கும் சட்டத்திற்கும் இடையே எது மேலானது என்ற வழக்கு இங்கிலாந்தில் நெடுங்காலம் நடந்து வந்த ஒன்றாகும். நாட்டின் சட்டம் அளித்ததைத் தவிர அரசருக்கு வேறு தனியுரிமை எதுவும் இல்லை என்று 1610ஆம் ஆண்டிலேயே தலைமை நீதிபதி எட்வர்டு கோக் கருத்துரைத்திருந்தார். பின்னர் உள்நாட்டுப் போரும், 1688ஆம் ஆண்டுப் புரட்சியும் அரசரை நாடாளுமன்றத்திற்குக் கட்டுப்பட்டவராக ஆக்கின. ஆனால் அரசரின் கை தளர்ந்த இடத்தில் அமைச்சர்களின் கை ஓங்கலாயிற்று. அரசர் செய்யக்கூடாததை அரசரின் பெயரால் அமைச்சர்கள் செய்யலாமா என்பதற்கு யாரும் தெளிவான விடை கூறியிருக்கவில்லை.

குறிப்பாக, அச்சுத்தொழில் தொடர்பான நடைமுறையில் இந்தக் குழப்பம் மிகுதியாக இருந்தது. 1662ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சு உரிமச் சட்டம், அரசின் முன்னனுமதி இன்றி நூல்களையும் இதழ்களையும் அச்சிடுவதைத் தடுத்தது. வீடுகளையும் அச்சகங்களையும் சோதனையிடுவதற்கும் அதிகாரம் அளித்தது. அச்சட்டம் 1695ஆம் ஆண்டில் காலாவதியாயிற்று. சட்டம் மறைந்தது; வழக்கம் மறையவில்லை. அரசுச் செயலாளர்கள் எனப்பட்ட உயர் அமைச்சர்கள், அரசைப் பழித்து எழுதுவோரின் வீடுகளைச் சோதனையிடவும் அவர்களுடைய தாள்களைக் கைப்பற்றவும் முன்போலவே ஆணைகள் பிறப்பித்து வந்தனர். அறுபது எழுபது ஆண்டுகளாக இது நடந்து வந்ததால், இதற்கு அடிப்படையான சட்டம் இப்போது இல்லை என்பதையே பலரும் மறந்துவிட்டனர்.

1760ஆம் ஆண்டில் மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறினார். 1762ஆம் ஆண்டில் அவருக்கு நெருக்கமான பியூட் பிரபு தலைமை அமைச்சரானார். ஏழாண்டுப் போரை முடித்துச் சமாதானம் செய்துகொள்ள அவருடைய அமைச்சரவை முயன்றது. அந்தச் சமாதானத்தையும் அமைச்சரவையையும் சில வார இதழ்கள் கடுமையாகச் சாடின. 1755ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'மானிட்டர்' என்னும் வார இதழ் அவற்றுள் ஒன்று. அதில் எழுதியவர்களில் ஒருவர் என்று அரசுக்குத் தகவல் தரப்பட்டவரே ஜான் என்டிக்.

1762 நவம்பர் 11

அரசுச் செயலாளராக இருந்த ஹாலிஃபாக்ஸ் பிரபு, 1762 நவம்பர் 6ஆம் நாள் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். ஜான் என்டிக்கைத் தேடிப் பிடித்து, அவருடைய நூல்களையும் தாள்களையும் சேர்த்துத் தம்முன் கொண்டுவருமாறு அது பணித்தது. இன்ன நூல், இன்ன தாள் என்ற வரையறை அதில் இல்லை. உடன் ஒரு கான்ஸ்டபிளை அழைத்துச் செல்லுமாறும் அதில் கண்டிருந்தது.

நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணியளவில் நேதன் கேரிங்டனும் வேறு மூவரும் லண்டனின் கிழக்கே ஸ்டெப்னியில் இருந்த என்டிக்கின் வீட்டிற்கு வந்தனர். இவர்கள் அரசரின் தூதுவர்கள் என்று அழைக்கப்பட்ட ஊழியர்கள். கான்ஸ்டபிளை அவர்கள் அழைத்து வரவில்லை. வாசற்கதவு திறந்திருந்தது, உள்ளே நுழைந்தார்கள். அறைகளையும் பெட்டிகளையும் மேசை இழுப்பறைகளையும் திறந்து, பூட்டியிருந்தவற்றை உடைத்து, நான்கு மணிநேரம் அங்கேயே இருந்து, என்டிக்கின் தனிப்பட்ட தாள்கள் அனைத்தையும் படித்துப் பார்த்தார்கள். அச்சிட்ட துண்டு நூல்களையும் பிற தாள்களையும் எடுத்துச் சென்றார்கள். எடுத்துச் சென்றவற்றிற்குப் பட்டியல் எதுவும் கொடுக்கப்படவில்லை.

என்டிக் அதன்பின் செய்ததுதான் வரலாறாயிற்று. ஆணையிட்ட அமைச்சரை விட்டுவிட்டு, தம் வீட்டிற்குள் கால் வைத்த நால்வர் மீதும் அத்துமீறி நுழைந்ததற்காக அவர் வழக்குத் தொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேலி தாண்டி வந்தால் எந்த வழக்கைத் தொடுப்பாரோ, அதே வழக்கைத்தான் அவர் அரசரின் ஊழியர்கள் மீது தொடுத்தார். இழப்பீடாக 2000 பவுன் கோரினார்.

வழக்கிற்குத் துணிவு தந்த நிகழ்ச்சிகள்

இடைப்பட்ட காலத்தில் மற்றொரு நிகழ்ச்சி நாட்டை உலுக்கியது. நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் வில்க்ஸ் நடத்திய 'நார்த் பிரிட்டன்' இதழின் 45ஆவது எண் 1763 ஏப்ரல் 23 அன்று வெளிவந்தது. நாடாளுமன்றத்தில் அரசர் ஆற்றிய உரையை அது கண்டித்தது. ஹாலிஃபாக்ஸ் பிரபு மீண்டும் ஓர் ஆணை பிறப்பித்தார். இம்முறை அதில் எவருடைய பெயரும் இல்லை. அந்த இதழை எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரைத் தேடிப் பிடிக்குமாறு மட்டுமே அது கூறியது. இத்தகைய பெயரற்ற பொது ஆணையை வைத்துக்கொண்டு ஐம்பதுக்கு நெருக்கமானோர் கைது செய்யப்பட்டனர்.

அவர்களில் ஹக்கிள் என்னும் அச்சுத் தொழிலாளி ஒருவர். அவர் ஏறத்தாழ ஆறு மணிநேரம் காவலில் வைக்கப்பட்டார். யாரும் அவரைத் துன்புறுத்தவில்லை. நல்ல உணவும் பானமும் கூடக் கொடுத்தனர். ஆயினும் அவருக்கு ஜூரிகள் 300 பவுன் இழப்பீடு வழங்கினர். ஆறு மணிநேரத்திற்கு 300 பவுன் மிகை என்று அரசுத் தரப்பு முறையிட்டது. பொது வழக்குகள் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான சார்லஸ் பிராட் அந்த முறையீட்டை ஏற்கவில்லை. அடைபட்ட நேரத்தையும் தொழிலாளியின் வாரக் கூலியையும் மட்டும் வைத்து இதனை அளக்கலாகாது. பெயரற்ற ஆணையைக் கொண்டு ஒரு மனிதரின் வீட்டில் நுழைவது எத்தகைய அதிகாரம் என்பதையே ஜூரிகள் எண்ணிப் பார்த்துள்ளனர் என்பது அவர் கொண்ட நிலை. வில்க்ஸ் தொடுத்த வழக்கிலும் 1763 டிசம்பரில் 1000 பவுன் இழப்பீடு கிடைத்தது. என்டிக்கின் வழக்கும் இதே பிராட்டின் முன்னரே வந்தது.

அரசுத் தரப்பின் வாதங்கள்

நடந்தவை எவை என்பதை மட்டும் ஜூரிகள் தீர்மானித்து, அவை சட்டப்படி குற்றமாகுமா என்பதை நீதிபதிகளிடம் விட்டனர். குற்றமாகுமானால் இழப்பீடு 300 பவுன் என்றும் குறித்தனர். அதற்குள் பிராட், கேம்டன் பிரபு என்னும் பட்டம் பெற்றிருந்தார். 1765ஆம் ஆண்டு இறுதியில் அவர் தீர்ப்பை வாசித்தார்.

அரசுத் தரப்பு மூன்று வாதங்களை முன்வைத்தது. முதலாவது, நீதித்துறை நடுவரின் ஆணையை நிறைவேற்றும் கான்ஸ்டபிள்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் ஒன்று உண்டு. அந்தப் பாதுகாப்பு இவர்களுக்கும் உரியது. இரண்டாவது, இத்தகைய ஆணைகள் நெடுங்காலமாகப் பிறப்பிக்கப்பட்டு வருகின்றன, எவரும் எதிர்த்ததில்லை, ஆகவே வழக்கமே சட்டமாகிவிட்டது. மூன்றாவது, அரசுக்கு எதிரான எழுத்துக்களை அடக்க இத்தகைய அதிகாரம் இன்றியமையாதது.

இந்த மூன்றையும் நாம் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனெனில், எந்நாட்டிலும் எக்காலத்திலும் அதிகாரத்தில் இருப்போர் கூறும் காரணங்கள் பெரும்பாலும் இவையே. 'எங்களுக்குப் பாதுகாப்பு உண்டு', 'எப்போதும் இப்படித்தான் நடக்கிறது', 'நாட்டு நலனுக்கு இது தேவை'.

கேம்டன் பிரபுவின் விடை

முதல் வாதத்தை அவர் எளிதில் தள்ளினார். அரசுச் செயலாளர் அந்தச் சட்டம் குறிப்பிடும் நடுவர் அல்லர். அவருடைய தூதுவர்கள் கான்ஸ்டபிள்களும் அல்லர். போதாக்குறைக்கு, ஆணையில் கண்டவாறு கான்ஸ்டபிளை உடன் அழைத்துச் செல்லவும் இல்லை. ஆணையையே முறையாகப் பின்பற்றாதவர்கள் அந்த ஆணையின் நிழலில் ஒதுங்க முடியாது.

அடுத்து அவர் வழக்கின் மையத்திற்கு வந்தார். ஒருவரின் உடைமைக்குள் அவருடைய அனுமதியின்றி மற்றொருவர் கால் வைத்தால், ஒரு புல்லும் சேதமாகாவிட்டாலும் அது அத்துமீறலே. நுழைந்தவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டுமானால், தமக்கு உரிமை அளித்த சட்டத்தை அவரே எடுத்துக் காட்ட வேண்டும். அத்தகைய சட்டம் இருக்குமானால் அது சட்ட நூல்களில் காணப்படும். அங்கே காணப்படாவிட்டால் அது சட்டமன்று. நூல்களின் மௌனம் அரசுக்குச் சாதகமாகாது. அதற்கு எதிரான சான்றாகவே அமையும்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். 'நீங்கள் செய்ததைத் தடுக்கும் சட்டம் எது?' என்று கேம்டன் கேட்கவில்லை. 'நீங்கள் செய்ததை அனுமதிக்கும் சட்டம் எது?' என்று கேட்டார். குடிமக்களுக்குத் தடுக்கப்படாதவை எல்லாம் அனுமதிக்கப்பட்டவை. குடிமக்களின் வீட்டிலும் உடைமையிலும் கைவைக்க வரும் அதிகாரிக்கோ அனுமதிக்கப்படாதவை எல்லாம் தடுக்கப்பட்டவை. மெய்ப்பிக்கும் சுமை எளியவரின் தோளிலிருந்து இறங்கி அதிகாரத்தின் தோளில் ஏறிற்று.

இரண்டாவது வாதத்தைப் பொறுத்தவரை, இதுவரை எவரும் எதிர்க்கவில்லை என்பது ஒப்புதலுக்கு அடையாளமாகாது என்றார். குற்றமும் வறுமையும் அதிகாரத்தின் முன் அஞ்சிப் பணிந்ததையே அது காட்டுகிறது என்பது அவருடைய கருத்து. காலாவதியான சட்டத்தின் நிழலில் தொடர்ந்த ஒரு வழக்கம், எத்தனை ஆண்டுகள் தொடர்ந்தாலும் உரிமையாகிவிடாது.

மூன்றாவது வாதமே மிகவும் வலிமையானது. ஆனால் அரசின் தேவை என்ற காரணத்தை நாட்டின் சட்டம் அறியாது என்றும், அரசுக்கு எதிரான குற்றம், பிற குற்றம் என்று அது வேறுபடுத்துவதில்லை என்றும் அவர் கூறினார். இதனால் அவர் அவதூறு எழுத்துக்களை ஆதரித்தார் என்று எண்ணலாகாது. அவை தீமை என்றும், அவற்றை எழுதுவோர் சட்டப்படி தண்டிக்கப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் கூறினார். தண்டிப்பதற்கும் சட்டம் வேண்டும் என்பதே அவர் வலியுறுத்தியது.

திருட்டுப் பொருளைத் தேடுவதற்கான ஆணையோடு இதனை அவர் ஒப்பிட்டுக் காட்டிய பகுதி சிறப்பானது. திருட்டுப் பொருளைத் தேடும்போது, பொருளை இழந்தவர் சத்தியம் செய்து முறையிட வேண்டும். தேடும் பொருள் இன்னதென்று குறிப்பிட வேண்டும். பொருள் கிடைக்காவிட்டால் சோதனையிட்டவர்கள் பொறுப்பேற்க நேரிடும். இங்கேயோ பட்டியல் இல்லை. நடுநிலைச் சாட்சி இல்லை. வீட்டுக்காரரின் விளக்கத்தைக் கேட்கவுமில்லை. குற்றம் உறுதியாகும் முன்பே ஒருவரின் அந்தரங்கத் தாள்கள் முழுவதும் பறிபோயின. பிழையற்றவரும் பிழை செய்தவரும் ஒரே வலையில் சிக்குவர். எனவே அந்த ஆணை சட்டத்திற்குப் புறம்பானது என்று தீர்ப்பாயிற்று. என்டிக்கிற்கு 300 பவுன் உறுதியாயிற்று.

தீர்ப்பு சென்ற இடங்கள்

1766 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் மக்களவை, பொது ஆணைகள் சட்டத்திற்கு முரணானவை என்று தீர்மானம் நிறைவேற்றியது. 1769ஆம் ஆண்டில் ஹாலிஃபாக்ஸ் பிரபுவே வில்க்சுக்கு 4000 பவுன் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1791ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், சோதனையிட வேண்டிய இடத்தையும் கைப்பற்ற வேண்டிய பொருளையும் குறிப்பிடாத ஆணைகளைத் தடுத்தது. 1886ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கேம்டனின் தீர்ப்பை விரிவாக எடுத்துரைத்துப் போற்றியது.

ஆயினும் இத்தீர்ப்பின் எல்லையையும் நாம் மறைக்கலாகாது. கேம்டனின் வாதம் உடைமையின் மீது கட்டப்பட்டது. வீட்டிற்குள் நுழையாமலே ஒருவரின் அந்தரங்கத்தை அறியும் வழி வந்தபோது அது தடுமாறியது. 1979ஆம் ஆண்டில் மலோன் என்பவர், காவல்துறை தம் தொலைபேசியை ஒட்டுக்கேட்டதை எதிர்த்து இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவருடைய வீட்டிற்குள் எவரும் நுழையவில்லை, ஆகவே அத்துமீறல் இல்லை என்று அவர் தோற்றார். 1984ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே அவருக்கு நீதி வழங்கியது. பின்னர் 2021ஆம் ஆண்டு ஜனவரியில், கணினிகளுக்குள் ஊடுருவ உளவு அமைப்புகளுக்குப் பொதுப்படையான ஆணைகளை வழங்கலாமா என்ற கேள்வி இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பொது ஆணைகளுக்கு எதிரான அந்தப் பழைய வழக்குகளை நீதிபதிகள் மீண்டும் எடுத்தாண்டு, கூடாது என்று தீர்ப்பளித்தனர்.

நம் நாட்டில்

நம் உச்ச நீதிமன்றம் தொடக்கத்தில் இவ்விஷயத்தில் தயங்கியது. அமெரிக்காவின் நான்காவது திருத்தம் போன்ற ஒன்று நம் அரசியலமைப்பில் இல்லை என்று 1954ஆம் ஆண்டில் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கூறினர். ஆனால் 1962 டிசம்பரில் வந்த கரக் சிங் வழக்கில் கேம்டன் கேட்ட அதே கேள்வி எழுந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங், 1941ஆம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கில் கைதாகி, சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் காவல்துறை அவரைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து, இரவு நேரங்களில் அவருடைய வீட்டிற்குச் சென்று கதவைத் தட்டி வந்தது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை காவல்துறையின் நிர்வாக விதிமுறைகளே. அவை சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் வலிமை பெறாதவை. எனவே இரவில் வீடு புகும் அந்த விதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்பதை அன்று பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. நீதிபதி சுப்பா ராவ் தம் மாற்றுத் தீர்ப்பில் அதனை வலியுறுத்தினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதனை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர்.

கேம்டன் குறையாகச் சுட்டியவற்றை நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதிகளாகவே வகுத்துள்ளது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அவற்றைத் தொடர்கிறது. வீட்டைச் சோதனையிடும்போது அப்பகுதியைச் சேர்ந்த நடுநிலையான, மதிப்பிற்குரிய இருவரேனும் சாட்சியாக இருத்தல் வேண்டும். கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதிச் சாட்சிகளிடம் கையொப்பம் பெறுதல் வேண்டும். வீட்டில் இருப்பவர் சோதனையின்போது உடனிருக்கலாம். அவருக்குப் பட்டியலின் நகல் தரப்பட வேண்டும். சோதனையை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்தது. ஆணையின்றிச் சோதனையிட வேண்டிய அவசரம் நேர்ந்தால், காவல் அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும்.

நாம் கொள்ள வேண்டியது

இவற்றை எழுதுவதன் நோக்கம் அதிகாரிகளோடு பிணங்கச் சொல்வதன்று. கடமையைச் செய்ய வரும் அதிகாரிக்கு ஒத்துழைப்பது குடிமக்களின் பொறுப்பு. சோதனையைத் தடுப்பதும் சச்சரவு செய்வதும் நமக்கே தீங்காக முடியும். ஆனால் ஆணையைக் காட்டுங்கள் என்று பணிவுடன் கேட்பதும், அதைப் படித்துப் பார்ப்பதும், சாட்சிகளை வைக்கச் சொல்வதும், பட்டியலின் நகலைக் கேட்டுப் பெறுவதும் பிணக்கு ஆகாது. அவை சட்டம் நமக்குக் கொடுத்தவை. தவறு நேர்ந்தால் தெருவில் நியாயம் பேசாமல் நீதிமன்றத்தில் பேச வேண்டும் என்பதையும் என்டிக்கிடம் நாம் கற்கலாம். நான்கு மணிநேரச் சோதனைக்கு அவர் மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்து விடை பெற்றார்.

மற்றொன்றும் உண்டு. அதிகாரம் அமைச்சரிடம் மட்டும் இருப்பதில்லை. சங்கமோ, சபையோ, பள்ளிக்கூடமோ, ஜமாஅத்தோ, பொறுப்பில் இருப்போர் எவராயினும் அவர்களுடைய அதிகாரம் விதிகளிலிருந்தே வருகிறது. 'வழக்கமாக இப்படித்தான்' என்ற பதில் கேம்டன் பிரபுவின் முன் எடுபடவில்லை. பொதுக்குழுவின் முன்னும் எடுபடலாகாது. எந்த விதியின்படி இது செய்யப்பட்டது என்று உறுப்பினர் ஒருவர் கேட்டால், அதனைக் குறை காண்பதாகக் கொள்ளாமல், விதிப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டுவதே நிர்வாகத்திற்கு அழகு. இளைஞர்கள் இத்தகைய வழக்கு வரலாறுகளைத் தேடிப் படிக்க வேண்டும் என்றும், சட்டம் பயில விரும்பும் நம் பிள்ளைகளைப் பெற்றோர் ஊக்குவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கின்றோம்.